சுவடிப் படங்களின் கோப்பளவைக் குறைத்தலும் எழுத்தின் புள்ளியைக் காத்தலும்

ஆய்வுச் சுருக்கம்
சுவடிகளையும் பழம்பதிப்புகளையும் எண்மப்படுத்துவோர் படக்கோப்புகளின் அளவைக் குறைக்க வேண்டியவர்களாக உள்ளனர். கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றும் படம் பாடத்தேர்வுக்கும் ஏற்றதாக அமையும் என்பதற்கில்லை. தமிழெழுத்தின் புள்ளியை அளவுகோலாகக் கொண்டு, படத்தை எவ்வாறு, எவ்வளவு சுருக்கலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஓலைச்சுவடி, எண்மமாக்கம், படச்சுருக்கம், புள்ளி, பாடபேதம்.

முன்னுரை
சங்கரன்கோவில் இறைவன்மீது பாடப்பெற்ற சங்கரலிங்க உலாவை உ.வே. சாமிநாதையர் பதிப்பித்தார். அவர்காலப் பதிப்பாசிரியர்கள் ஏட்டை நேரில் கண்டு பாடம் துணிந்தனர். இன்றைய ஆய்வாளர் பெரும்பாலும் காண்பது ஏட்டின் படத்தையே. அப்படத்தைச் சுருக்கும்போது எழுத்தின் உறுப்பொன்று மறையுமாயின் பாடமே மாறிவிடும்.

கோப்பளவின் காரணம்
40 செ.மீ. நீளமும் 4 செ.மீ. அகலமும் உடைய ஓர் ஓலையை அங்குலத்திற்கு 600 பிக்சல் அடர்த்தியில் வருடினால் ஏறத்தாழ 89 இலட்சம் பிக்சல்கள் கிடைக்கும். பிக்சல் ஒன்றுக்கு மூன்று பைட்டு வீதம், ஒரு பக்கத்திற்கு ஏறத்தாழ 27 மெகாபைட்டு ஆகும். இருபுறமும் எழுதப்பெற்ற 100 ஓலைகளுக்கு 5 கிகாபைட்டுக்கும் மேல் தேவைப்படும்.

சுருக்க முறைகள்
சுருக்கம் இருவகைப்படும். பிஎன்ஜி வடிவம் மேற்கொள்வது இழப்பிலாச் சுருக்கம். விரித்தால் ஒவ்வொரு பிக்சலும் மீளக் கிடைக்கும். ஜேபெக் வடிவம் பெரும்பாலும் மேற்கொள்வது இழப்புறு சுருக்கம். இதன் அடிப்படையான கொசைன் உருமாற்றத்தை நசீர் அகமது, தி. நடராஜன், கா.ரா. ராவ் ஆகியோர் 1974-இல் வெளியிட்டனர். ஜேபெக் முதலில் ஒளிர்வையும் நிறத்தையும் பிரிக்கிறது. கண் நிற வேறுபாட்டை நுணுகி உணராமையால், நிறத் தரவைப் பெரும்பாலும் குறைத்து வைக்கிறது. பின்னர்ப் படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் நுண்ணிய மாற்றங்களைக் குறிக்கும் எண்களைத் தோராயமாக்குகிறது. அவற்றுட் பல சுழியாகிவிடும். கோப்பு சிறுப்பது பெரிதும் இதனாலேயே.

புள்ளிக்கு நேரும் இடர்
நிலக்காட்சியில் இவ்விழப்பு புலப்படாது. தமிழெழுத்திலோ புள்ளியே நுண்ணிய மாற்றம். அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள அச்சுப்புள்ளி, 600 அடர்த்தியில் 12 பிக்சல் அகலம் பெறும். 100 அடர்த்தியில் இரண்டே பிக்சல். அதன்மேல் கடுமையான சுருக்கமும் சேர்ந்தால் ‘பல்’ என்பது ‘பல’ எனத் தோன்றக்கூடும்.

ஓலைச்சுவடியில் இடர் மேலும் மிகும். ஏடெழுதியோர் பெரும்பாலும் புள்ளியிடவில்லை. ஆதலின் அரிதாக இடப்பட்ட புள்ளி ஒவ்வொன்றும் சான்றாகும். சுருக்கத்தால் எழுத்தோரத்தில் தோன்றும் திட்டும், பூச்சியரித்த துளையும், எழுத்தாணியிட்ட புள்ளியும் ஒன்றுபோலத் தோன்றின் ஆய்வாளர் எதைத் துணிவது?

வடிவொத்த உருக்களை ஒன்றாகக் கருதிப் பதியும் சுருக்கமுறையின் தீங்கு 2013-இல் வெளிப்பட்டது. ஜெராக்ஸ் கருவிகள் சில, வருடிய ஆவணங்களில் 6 என்னும் எண்ணை 8 என மாற்றிப் பதிந்தமையை ஜெர்மனியின் டேவிட் கிரீசல் கண்டறிந்தார். எகரமும் ஏகாரமும் ஒரு கீற்றளவே வேறுபடும் தமிழில் இம்முறையைத் தவிர்த்தலே நன்று.

பின்பற்றத்தக்க நெறி
முதற்கண், ஓலைக்குப் புறத்தேயுள்ள வெற்றிடத்தை வெட்டி நீக்கலாம். எழுத்துக்கு ஊறின்றி அளவு குறையும். கருமையில் மட்டும் அச்சான பக்கங்களைச் சாம்பல்நிறப் படமாக்கினால் மூலத்தரவு மூன்றில் ஒரு பங்காகும். தாளின் கறையும் மையின் நிறமும் ஆய்வுக்குரியனவாயின் இது கூடாது. மூலப்படியை இழப்பிலா வடிவில் பேணி, இணையத்திற்கு உரிய ஜேபெக் படியை அதிலிருந்தே உருவாக்க வேண்டும். ஜேபெக் படியையே திருத்தித் திருத்திச் சேமித்தால் இழப்பு பெருகும். தரநிலையை முடிவு செய்யத் தெளிவான ஏட்டைத் தேர்தல் பிழை; மிக மங்கிய ஏட்டைச் சுருக்கி, மூலத்தோடு பெரிதாக்கி ஒப்பிட்டு, புள்ளி மறையாத அளவிலேயே நிற்க வேண்டும்.

முடிவுரை
படத்தின் தரம் என்பது அதன் பயன் நோக்கி அமைவது. சுவடிப் படத்திற்கு அத்தரம் எழுத்துறுப்புகள் ஐயமின்றிப் புலப்படுதலேயாகும். ஏடு நாளடைவில் சிதைந்தபின் படமே மூலமாக எஞ்சும். ஆதலின், சேமிப்பிடம் கருதி மூலப்படியைச் சுருக்குவது மீட்கவியலாத இழப்பாக முடியும்.