போரிடையே நம்பிக்கையை அளத்தல்

மழைமானியை மரத்தடியில் வைத்தால் அது காட்டுவது மழையின் அளவன்று. கிளைகள் தடுத்தது போக எஞ்சிய நீரின் அளவே என்பதை வானிலைப் பணியாளர் அறிவர். மனத்தை அளக்கும் கருவிகளுக்கும் இவ்விடத் தொல்லை உண்டு. அமைதி நிலவும் நாடொன்றில், பெரும்பாலும் பல்கலைக்கழக மாணவரிடம் சோதித்து அமைத்த வினாப்பட்டியைக் குண்டுவீச்சில் வீடிழந்தோரிடம் கொண்டு செல்லும்போது அத்தொல்லை பன்மடங்காகிறது. 2011இல் போர் மூண்ட சிரியாவிலும், 2014 முதல் போரில் சிக்கிய ஏமனிலும், 2023இல் போர் தொடங்கிய சூடானிலும் காஸாவிலும் அரபு மொழி பேசும் மக்களின் நம்பிக்கையை அளக்க முற்படுவோர் இதனையே எதிர்கொள்கின்றனர்.

இந்நிலையில் நம்பிக்கையை அளப்பானேன் என்று கேட்கலாம். துயரத்தை மட்டும் கணக்கிடும் ஆய்வு, மக்கள் எதை இழந்தனர் என்று கூறுமேயன்றி, எதைப் பற்றிக்கொண்டு நாளைக் கழிக்கின்றனர் என்று கூறாது. உதவிப் பணியாளருக்கு இரண்டும் தேவை.

பரவலாக வழங்கும் அளவுகோல்களுள் ஒன்று, அமெரிக்கக் கான்சாஸ் பல்கலைக்கழக உளவியலார் சி. ஆர். ஸ்னைடரும் அவர்தம் குழுவினரும் 1991இல் வெளியிட்டது. நன்மை வரும் என்று காத்திருத்தலை அவர் நம்பிக்கை எனக் கொள்ளவில்லை. ஒரு குறிக்கோள் வேண்டும்; அதனை அடைவேன் என்னும் மனவுறுதி வேண்டும்; அடைவதற்கான வழிகளைக் காணும் திறனும் வேண்டும். வினாப்பட்டியில் உள்ள 12 கூற்றுகளுள் 4 மனவுறுதியையும் 4 வழிகாணலையும் பற்றியவை. எஞ்சிய 4 கூற்றுகள், நோக்கம் வெளிப்படாதிருக்க இடையே சேர்க்கப்பட்டவை. அவற்றுக்கு மதிப்பெண் இல்லை. எட்டுப் படிகளில் விடையளிக்கும் வடிவில் மொத்த மதிப்பு 8 முதல் 64 வரை அமையும்.

இதனை அரபியில் பெயர்ப்பதில் தொடங்குகிறது இடர்ப்பாடு. ஆங்கில மூலத்தில் இக்கட்டைக் குறிக்கும் சொல் ஒன்று, ரொட்டியில் தடவும் பழப்பாகையும் குறிப்பது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் நகைப்பே எஞ்சும். அரபியில் பெயர்த்ததை, மூலத்தைக் காணாத வேறொருவர் மீண்டும் ஆங்கிலமாக்கி ஒப்பிடும் முறை இத்தகைய பிழைகளைப் பிடித்துவிடும். கருத்தில் உள்ள வேறுபாட்டை அது பிடிப்பதில்லை. தமிழில் ‘நம்பிக்கை’ என்னும் ஒரே சொல் எதிர்பார்ப்பு, பற்றுறுதி, சமயப்பற்று ஆகிய மூன்றுக்கும் ஆகிவருகிறது. அரபியிலோ ‘அமல்’, ‘திகா’, ‘ஈமான்’ என இவை வெவ்வேறு சொற்கள். பொறுமையைக் குறிக்கும் ‘சப்ர்’, பாலஸ்தீனர் பெரிதும் போற்றும் நிலைகுலையாமையாகிய ‘சுமூத்’ ஆகியவை ஸ்னைடரின் சட்டகத்தில் எங்கும் இடம்பெறவில்லை. நம்பிக்கையாளன், நம்பிக்கையற்றவன் என்ற இரு அரபுச் சொற்களையும் ஒட்டி ‘முதஷாயில்’ என்று ஒரு புதுச்சொல்லைப் படைத்து, 1974இல் வெளிவந்த தம் நாவலின் தலைப்பில் வைத்தார் பாலஸ்தீன எழுத்தாளர் எமில் ஹபீபி. அந்த மனிதன் எட்டுப் படிகளுள் எதில் குறியிடுவான் என்பது ஆராயத்தக்கதே!

எழுத்து அரபி பள்ளியிலும் செய்தித்தாளிலும் வழங்குவது. டமாஸ்கஸிலும் கார்ட்டூமிலும் சனாவிலும் வீட்டில் பேசும் மொழிகள் அதனின்றும், தம்முள்ளும் வேறுபட்டவை. ஆதலின் கல்வி குறைந்தோரிடம் களப்பணியாளர் கூற்றைப் படித்துக்காட்டி, பேச்சு வழக்கில் விளக்க நேர்கிறது. ஒவ்வொருவரும் தத்தம் போக்கில் விளக்கினால், அளவிடப்படுவது விளக்கியவரின் சொல்வன்மையே. வட்டாரச் சொற்களை முன்னரே முடிவுசெய்து எல்லோருக்கும் ஒன்றாகக் கொடுப்பது இதற்கு மாற்று.

அடுத்தது சமயவொழுக்கம் பற்றியது. நாளை இதனைச் செய்வேன் என்று கூறுவோர் ‘இறைவன் நாடினால்’ என்பதையும் சேர்த்தல் வேண்டும் எனக் குர்ஆனின் 18ஆம் அத்தியாயம் பணிக்கிறது. அரபு கிறிஸ்தவரும் பேச்சில் ‘இன்ஷா அல்லாஹ்’ என்பர். ‘என் குறிக்கோளை நானே அடைவேன்’ என்று உறுதிகூறுவது பலருக்குச் செருக்காகத் தோன்றக்கூடும். அவ்விடத்தில் தாழ்ந்த படியில் இடும் குறி அவநம்பிக்கையாகாது. மறுபுறம், இறையருளில் நம்பிக்கை இழத்தல் குற்றமெனக் கருதப்படுவதால், ஏரன் பெக்கும் அவர்தம் குழுவினரும் 1974இல் அமைத்த 20 கூற்றுகள் கொண்ட நம்பிக்கையின்மை அளவுகோலுக்கு உண்மையை மறைத்து விடையளிப்போரும் இருத்தல் கூடும்.

எல்லாவற்றிலும் கடினமானது வழிகாணல் பற்றிய பகுதி. ‘எச்சிக்கலுக்கும் பல வழிகள் உண்டு’ என்ற பொருளுடைய கூற்றை, எல்லை மூடிய நிலப்பரப்பில், சாலைகள் தகர்ந்த ஊரில் வாழும் ஒருவர் மறுக்கிறார் எனக் கொள்வோம். மறுப்பது அவர் மனமா, அவர் கண்ட உண்மையா? மனவுறுதிக்கான எண் உயர்ந்தும் வழிகாணலுக்கான எண் தாழ்ந்தும் இருந்தால், இரண்டையும் கூட்டிப் பெறும் ஒற்றை எண் அவரைப் பற்றி ஒன்றும் தெரிவிப்பதில்லை. ஆகவே இரு பகுதிகளையும் தனித்தனியே பதிவுசெய்வதே முறை. அவ்வாறன்றிக் கூட்டுத்தொகையை மட்டும் அட்டவணையிட்டு, ‘இம்மக்கள் நம்பிக்கை குன்றியவர்’ என முடிவுகூறுவது, முற்றுகையின் விளைவை முற்றுகையிடப்பட்டோரின் குணமாக எழுதுவதாகும். மதிப்பெண் இல்லாத கூற்றுகளுள் எப்போதும் களைத்திருப்பது பற்றிய ஒன்றும் உண்டு. இரவெல்லாம் வெடியோசை கேட்டு விழித்திருந்தவருக்கு அதுவே பட்டியிலுள்ள மெய்யான வினாவாகப் படலாம்!

இதனின்று மாறுபட்டதொரு வழியைப் பாலஸ்தீனத்தில் பிரையன் பார்பர் குழுவினர் கைக்கொண்டனர். ஆயத்த வினாப்பட்டியுடன் தொடங்காமல், மக்களை முதலில் பேசவிட்டு, தம் துயரை அவர்கள் எச்சொற்களால் கூறுகின்றனர் என்று கேட்டனர். உடைந்துபோனதாகவும் நொறுங்கிப்போனதாகவும் அவர்கள் கூறியவற்றிலிருந்தே பின்னர் அளவைக்குரிய கூற்றுகளை அமைத்தனர். நம்பிக்கைக்கும் இவ்வாறு செய்யலாகும். காலமும் பொறுமையுமே செலவு.

கருவியின் உறுதியைச் சோதிக்கும் வழக்கமான முறைகளும் போரில் தடுமாறுகின்றன. 1951இல் குரோன்பாக் வகுத்த ஆல்ஃபா என்னும் எண், கூற்றுகள் தம்முள் ஒத்துச் செல்வதைக் காட்டும். அவை எதனை அளக்கின்றன என்பதைக் காட்டாது. அதே மக்களிடம் இரு வாரம் கழித்து மீண்டும் கேட்டு ஒப்பிடுதல் மற்றொரு முறை. ஆனால் அவ்விரு வாரத்தில் ஒருவர் மகனை இழந்திருக்கலாம். ஒரு குடும்பம் மும்முறை இடம்பெயர்ந்திருக்கலாம். எண் மாறாதிருந்தாலன்றோ கருவியை ஐயுற வேண்டும்! தொலைபேசி வழியே கேட்டாலோ, மின்னேற்றம் பெற்ற கருவி கையிலுள்ளோரின் விடைகளே வந்து சேரும். அழைப்புக்கு எடுக்காத எண்களையும் நாள்தோறும் தனிப் பதிவேட்டில் குறித்து, அவற்றின் தொகையை முடிவுகளோடு சேர்த்தே வெளியிடுதல் வேண்டும்.