அப்பா இல்லாமலே 22 குட்டிகள்! பாம்புக்கு இது எப்படிச் சாத்தியம்?

நெல்லிக்குப்பத்து வீட்டுப் பூந்தொட்டியைக் கிளறினால் மண்புழு மாதிரி ஒன்று நெளியலாம். விஷமில்லாத புழுப்பாம்பு அது, அடிச்சுடாதீங்க! இந்த இனத்தில் ஆணே கிடையாது. முட்டையிலிருந்து வருவது ஏறக்குறைய அம்மாவின் நகல்.

ஆண், பெண் இரண்டும் உள்ள இனங்களிலும் இப்படி நடக்கும். அமெரிக்காவில் வளர்க்கப்பட்ட ஒரு போவா பாம்பு, இரண்டு ஈற்றில் 22 குட்டிகள் போட்டது. எல்லாமே பெண், எல்லாமே அம்மாவின் அபூர்வமான கேரமல் நிறம். அப்பாவின் மரபணு துளியும் இல்லை என்பதை 2010-ல் வெளியான ஆய்வு உறுதிசெய்தது.

நிறத்துக்காகப் பாம்பு வளர்ப்பவர்களுக்கு இது லாட்டரியா? முழுசா அப்படிச் சொல்ல முடியாது. போவா குட்டிகள் நகல் அல்ல. அம்மாவின் மரபணுக்களில் ஒரு பாதிதான் இரட்டிப்பாகிறது. அதனால் ஒளிந்திருந்த நிறம் ஒரே தலைமுறையில் வெளிவரலாம். ஒளிந்திருந்த குறைபாடும்தான். இப்படி உருவாகும் குட்டிகளில் பல உயிரின்றியோ ஊனத்துடனோ பிறப்பது அதனால்தான்.