ஊரைப் பூட்டிக்கொண்ட மக்கள்

இங்கிலாந்தில், டெர்பிஷயர் மாவட்டத்தில் ஈம் என்று ஒரு சின்னக் கிராமம். 1665-ல் அங்குள்ள தையல்காரர் வீட்டுக்கு லண்டனில் இருந்து ஒரு துணி மூட்டை வந்தது. துணியில் ஈரம். பிரித்து உலர்த்தினார்கள். அதில் இருந்த தெள்ளுப்பூச்சிகளோடு பிளேக் நோயும் வந்துவிட்டது என்பார்கள்.

மக்கள் ஓடத் துடித்தார்கள். பாதிரியார் மாம்பெசன் தடுத்தார். பழைய பாதிரியார் ஸ்டான்லி கொள்கையில் அவருக்கு எதிரி. ஆனாலும் துணை நின்றார்.

ஊர் எல்லை மூடப்பட்டது. எல்லைக் கல்லில் குழிகள். அவற்றில் காடி ஊற்றிக் காசு போடுவார்கள். வெளியூரார் காசை எடுத்துக்கொண்டு உணவை வைத்துவிட்டுப் போவார்கள்.

எலிசபெத் ஹான்காக் என்ற பெண், 8 நாட்களில் கணவனையும் 6 பிள்ளைகளையும் தன் கையாலேயே புதைத்தாள். பாதிரியாரின் மனைவி கேத்தரினும் இறந்தாள். மாண்டவர்கள் சுமார் 260 பேர்.

பக்கத்து ஊர்கள் தப்பின. அந்தக் கல் இன்றும் இருக்கிறது.