முதுமொழி: ஆணையா, ஏதுவா?

உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒருவர் சேமிப்பைப் பற்றி எழுதிய கட்டுரையைச் சில ஆண்டுகளுக்கு முன் நாம் படிக்க நேர்ந்தது. ‘சிறு துளி பெரு வெள்ளம்’ என்னும் பழமொழியோடு கட்டுரை தொடங்கியது; அதே பழமொழியோடு முடிந்தது. இடைப்பட்ட நான்கு பத்திகளில் கூறப்பட்ட எதற்கும் துளியோடும் தொடர்பில்லை, வெள்ளத்தோடும் தொடர்பில்லை. பழமொழி வாயிலில் கட்டிய தோரணம்போல் நின்றது. மாணவரைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. பழமொழியைப் பொருளோடு மனனம் செய்து, கோடிட்ட இடத்தில் நிரப்பி, மதிப்பெண் பெற்றுக் கடந்துசெல்லும் ஒன்றாகத்தான் நாம் அவருக்கு அதனை அறிமுகம் செய்திருக்கிறோம்.

மலேசியத் தொடக்கப்பள்ளிப் பாடத்திட்டத்தில் ‘செய்யுளும் மொழியணியும்’ என்ற பகுதியில் திருக்குறளும் ஆத்திசூடியும் பழமொழியும் மரபுத்தொடரும் அடுத்தடுத்து வருகின்றன. சிங்கப்பூர்ப் பள்ளிகளிலும் மாணவர்கள் இவற்றைப் பயில்கின்றனர். இந்த ஏற்பாட்டில் பிழையில்லை. ஆனால், ஒரே கூடையில் வைத்துக் கொடுப்பதால் இவை யாவும் ஒரே வகைப் பண்டம் என்ற எண்ணம் மாணவர் உள்ளத்தில் பதிந்துவிடுகிறது. நீதிமொழி வேறு, பழமொழி வேறு. இவ்விரண்டின் வேறுபாட்டை அறியாமல் வகுப்பில் பழமொழியைக் கற்பிப்பதால் விளையும் இடர் சிறிதன்று என்பது நம் கருத்து.

தொல்காப்பியர் கூறுவது

தொல்காப்பியச் செய்யுளியல் யாப்பின் வகைகளை ஏழாகப் பகுக்கிறது. பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம் ஆகியவற்றோடு முதுசொல்லும் அவற்றுள் ஒன்று. எழுதப்படாத, ஆசிரியர் பெயரில்லாத, நான்கைந்து சொற்களே கொண்ட ஒரு கூற்றைப் பாட்டுக்கும் நூலுக்கும் நிகரான வரிசையில் வைத்தமை எண்ணிப் பார்க்கத்தக்கது. முதுமொழிக்குரிய இயல்புகளாக நுட்பம், சுருக்கம், விளக்கம், எளிமை ஆகிய நான்கினை அவர் கூறுகிறார். ஆசிரியர்கள் பலரும் இந்நான்கினையும் கூறிவிட்டு நின்றுவிடுவர். அடுத்து அவர் கூறுவதே நமக்கு முதன்மையானது. ஒருவர் தாம் கருதிய பொருளை நிலைநாட்டும்பொருட்டு, அதற்கு ஏதுவாகக் கொண்டுவந்து காட்டுவது முதுமொழி என்பது அவர் தரும் விளக்கத்தின் சாரம்.

ஏது என்றால் காரணம், சான்று. எனவே, முதுமொழி தனித்து நிற்கும் பொருளன்று. மற்றொரு கூற்றுக்குத் துணையாக வருவது. ‘யானைக்கும் அடி சறுக்கும்’ என்று ஒருவர் வெற்றிடத்தை நோக்கிக் கூறுவதில்லை. தேர்வில் தோற்ற நல்ல மாணவரைத் தேற்றும்போது கூறுவர். தம்மை வல்லவர் என எண்ணிக் கவனம் தவறுபவரை எச்சரிக்கும்போதும் கூறுவர். சொற்கள் மாறவில்லை, அவை எதற்கு ஏதுவாகின்றன என்பது மாறிவிட்டது. அகராதியில் ஒரு பழமொழிக்கு ஒரு பொருள் எழுதிவைப்பது பாதி வேலை மட்டுமே என்பதற்கு இதுவே காரணம்.

வினைமுற்று காட்டும் வேறுபாடு

மொழியியல் நோக்கில் நீதிமொழியையும் பழமொழியையும் பிரித்தறிய எளிய வழி ஒன்றுண்டு: வினைமுற்றைப் பார்க்க வேண்டும். ஒளவையாரின் ஆத்திசூடியில் பெரும்பான்மையும் ஏவல் வினைகளே. இதைச் செய், இதைச் செய்யாதே என்று முன்னிலையாரை நோக்கி அது பேசுகிறது. பாரதியார் புதிய ஆத்திசூடி எழுதியபோது அச்சத்தை விலக்குவதை முதலில் வைத்து அறத்தின் வரிசையை மாற்றினார். ஆயினும், ஏவல் என்னும் வடிவத்தை அவர் மாற்றவில்லை. நீதிமொழிக்கு அந்த வடிவம் பொருந்தும். கற்பிப்பவர் ஒருவர், கற்பவர் ஒருவர் என்ற உறவு அதில் வெளிப்படையாக இருக்கிறது.

பழமொழியோ பெரும்பாலும் படர்க்கையில் பேசும். ‘பதறாத காரியம் சிதறாது’, ‘ஆழம் தெரியாமல் காலை விடுகிறான்’, ‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ இவற்றில் உலக நடப்பு கூறப்படுகிறது, அல்லது வினவப்படுகிறது. இதனால் நீ இன்னது செய்ய வேண்டும் என்ற முடிவு சொல்லப்படவில்லை. அந்த முடிவைக் கேட்பவரே எடுத்துக்கொள்ள வேண்டும். ‘ஆடிப் பட்டம் தேடி விதை’, ‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’ போன்று ஏவலில் அமைந்த பழமொழிகளும் உள்ளனவே என்று கேட்கலாம். உள்ளன. ஆனால், இன்று கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ இதைக் கேட்பவர் எவரும் முறத்தைத் தேடி ஓடுவதில்லை. ஏவல் நெல்லைப் பற்றியது. கருத்து வாய்ப்பைப் பற்றியது. இடையிலுள்ள தொலைவைக் கேட்பவரின் அறிவே கடக்கிறது.

அன்றாடப் பேச்சில் பழமொழி பெறும் வலிமைக்கு இந்த இடைவெளியே காரணம். மாமியாரிடம் மருமகளோ, மேலாளரிடம் ஊழியரோ நேராகச் சொல்ல இயலாத ஒன்றைப் பழமொழி சொல்லிவிடும். ‘…என்று சொல்வார்கள்’ என்ற ஒட்டினைச் சேர்த்துவிட்டால், கூற்றுக்கு உரியவர் பேசுபவர் அல்லர், ஊரார் என்றாகிவிடுகிறது. யார் அந்த ‘அவர்கள்’ என்று எவரும் கேட்பதில்லை. நம் பாட்டியார் சோறு வடிக்கும் முன்பே தட்டோடு வந்து நிற்கும் பேரப்பிள்ளைகளைப் பார்த்து, ‘ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கவில்லையாம்’ என்பார். ‘யாம்’ என்ற அந்த ஈற்றில் கண்டிப்பும் இருந்தது, சிரிப்பும் இருந்தது. எங்களைக் கடிந்துகொண்டார் என்று எவரும் அவர்மீது குற்றம் சாட்ட இயலாது.

இலக்கியத்தில் இடம்

பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் இரண்டினை மட்டும் இங்குச் சுட்டுவோம். மதுரைக் கூடலூர் கிழாரின் முதுமொழிக் காஞ்சி, பத்துப் பத்தாக நூறு முதுமொழிகளை அடுக்கித் தருவது. முன்றுறை அரையனாரின் பழமொழி நானூறு வேறு வகையானது. ஒவ்வொரு வெண்பாவிலும் முதலில் ஒரு கருத்தையோ நிகழ்ச்சியையோ கூறி, பெரும்பாலும் இறுதியில் பழமொழி ஒன்றைக் கொண்டுவந்து அதனை நிறுவுகிறார். தொல்காப்பியர் சொன்ன ‘ஏது’ என்பதன் செயல்முறை விளக்கம் என்றே இந்நூலைக் கொள்ளலாம். கட்டுரையில் பழமொழியை எங்கே வைப்பது என்று கேட்கும் மாணவருக்கு இதைவிடச் சிறந்த வழிகாட்டி இல்லை. பழமொழி முதலில் தோரணமாக வரவில்லை. கருத்து சொல்லப்பட்ட பின்னர் அதற்குச் சான்றாக வருகிறது.

பிற்காலத்தில் மக்கள் வழக்கிலிருந்த பழமொழிகளைத் தொகுக்கும் பணி நடந்தது. யாழ்ப்பாணத்திலும் பின்னர்ச் சென்னையிலும் பணியாற்றிய பீட்டர் பெர்சிவல் 1874இல் வெளியிட்ட தொகுப்பில் ஆறாயிரத்திற்கும் மேற்பட்ட பழமொழிகள் உள்ளன. எர்மன் ஜென்சன் 1897இல் பொருள்வாரியாக வகைப்படுத்திய தொகுப்பை வெளியிட்டார். கி.வா. ஜகந்நாதன் பல தொகுதிகளாகத் திரட்டித் தந்தார். இத்தொகுப்புகளை ஒருமுறை புரட்டிப் பார்ப்பவர், பழமொழி என்றாலே நன்னெறி என்ற எண்ணத்தைக் கைவிட்டுவிடுவார். சாதி இழிவும் பெண் இழிவும் உடற்குறை உடையோரைப் பழித்தலும் அவற்றில் ஏராளம். நம்முடைய மூதாதையர் நம்மைப்போலவே அறிவும் அறியாமையும் கலந்தவர்களே.

திருத்தி எழுதும் ஆர்வம்

இங்கேதான் ஒரு சிக்கல் எழுகிறது. பழமொழி என்றால் நல்லதாகவே இருக்க வேண்டும் என்று நம்புபவர்கள், நல்லதல்லாத பழமொழியைச் சந்திக்கும்போது, ‘இது திரிந்துவிட்டது, உண்மையான வடிவம் வேறு’ என்று கூறத் தொடங்குகின்றனர். ‘ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்’ என்பது உண்மையில் ‘வேரைக் கொன்றவன்’ என்பர். ‘மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே’ என்பதில் குதிரை இல்லை, ‘மண் குதிர்’ என்னும் மணல்திட்டே உள்ளது என்பர். ‘கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை’ என்பதனைக் ‘கழு தைக்க’ என்று பிரித்து, கழு என்ற கோரையால் பாய் தைப்பர். மேடைகளிலும் கைப்பேசிச் செய்திகளிலும் உலவும் இவ்விளக்கங்கள் இன்று வகுப்பறைக்கும் வந்துவிட்டன. ஆசிரியர் பயிலரங்கு ஒன்றில் நாம் இவற்றை ஐயுற்றபோது, அரங்கில் சற்று வருத்தம் தோன்றியதையும் மறைக்க வேண்டியதில்லை.

சான்றுகளைப் பார்ப்போம். வைத்தியரைப் பற்றிய இந்த எள்ளல் தமிழுக்கு மட்டும் உரியதன்று. நூறு பேரைக் கொன்றவன் வைத்தியன், ஆயிரம் பேரைக் கொன்றவன் அவனினும் தேர்ந்த மருத்துவன் என்ற கருத்தில் வடமொழியிலும் ஒரு வழக்கு உண்டு. அங்கே ‘பேர்’, ‘வேர்’ என்ற ஒலி ஒற்றுமைக்கு இடமே இல்லை. ஆகவே, கொல்லப்பட்டவை வேர்கள் அல்ல, மனிதர்களே. அனுபவம் நோயாளிகளின் உயிரை விலையாகக் கொடுத்துப் பெறப்படுகிறது என்ற கசப்பான நகை அது. வேரைப் புகுத்தியவுடன் அந்த நகை இறந்துவிடுகிறது. மேலும், வேரைப் பிடுங்குவதைக் ‘கொல்லுதல்’ என்று தமிழர் இயல்பாகச் சொல்வதுமில்லை.

குதிரைக்கு வருவோம். குதிர் என்ற சொல்லுக்குப் பரவலாக அறியப்பட்ட பொருள் நெல் கொட்டிவைக்கும் கொள்கலன்; ‘எங்கப்பன் குதிருக்குள் இல்லை’ என்ற பழமொழியே அதற்குச் சான்று. மண்ணால் செய்த குதிரையோ கற்பனைப் பொருளன்று. தமிழ்நாட்டு ஊர்ப்புறங்களில் ஐயனார் கோவிலுக்கு நேர்ந்துகொண்டு குயவர் செய்து நிறுத்தும் சுடுமண் குதிரைகள் ஆள் உயரத்திற்கு மேலும் நிற்கும். பார்வைக்குக் கம்பீரம், ஆற்றில் இறக்கினால் பயனில்லை. பழமொழி படைத்தவர் கண்முன் இருந்த காட்சி அது. இதனை விளங்கிக்கொள்ள எந்த எழுத்தையும் மாற்ற வேண்டியதில்லை.

கழுதைக்கும் துணை இருக்கிறது, நம் அண்டை வீட்டிலேயே. மலாய்மொழியில் ‘கேரா மெண்டாபாட் பூங்கா’, அதாவது மலரைப் பெற்ற குரங்கு என்ற வழக்கு உண்டு. அருமை அறியாத விலங்கின் கையில் அருமையான பொருள் என்பதே இரண்டிலும் உள்ள சிந்தனை. ‘ஐந்தில் வளையாதது’ என்பதோடு, மூங்கிலைக் குருத்திலேயே வளைக்கச் சொல்லும் ‘மெலெந்துர் பூலோ பியார்லா டாரி ரெபுங்ஞா’ என்பதையும், கிணற்றுத் தவளையோடு ‘காத்தாக் டி பாவா தெம்புருங்’ என்னும் கொட்டாங்கச்சிக்குள் அகப்பட்ட தவளையையும் வைத்து ஒப்பிடச் செய்யலாம். இருமொழிச் சூழலில் வாழும் நம் மாணவர்களுக்குக் கிடைத்துள்ள இந்த வாய்ப்பு தமிழகத்து மாணவர்க்கு எளிதில் கிட்டாதது. நாம் அதனைப் போதிய அளவு பயன்படுத்தவில்லை.

ஏது என்றால் மறுக்கலாம்

சொல் திருத்தத்தால் ஏற்படும் தீமை சொற்பிறப்பியல் பிழையோடு நின்றால் நாம் இவ்வளவு கவலைப்பட மாட்டோம். ‘அடியாத மாடு படியாது’ என்பதனை எடுத்துக்கொள்வோம். பிள்ளைகளை அடிப்பதற்கு ஒரு தலைமுறை இதனைச் சான்றாகக் காட்டியது. நம் தொடக்கப்பள்ளி நாள்களில், மணிப்பிரம்பை ஓங்கிய ஆசிரியர் ஒருவர் இதைச் சொல்லிக்கொண்டே அடிப்பார். அடியைவிடச் சொல் நினைவில் தங்கிவிட்டது. ‘கல்லானாலும் கணவன், புல்லானாலும் புருஷன்’ என்பதனைச் சொல்லி எத்தனை பெண்களைத் துன்பம் தரும் வீட்டுக்கே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள் என்பதை இதைப் படிப்போர் பலரும் தம் உறவு வட்டத்திலேயே அறிவர். இவற்றுக்கு ஆன்மிக விளக்கம் கூறி, எழுத்தைப் பிரித்துத் தூய்மை செய்வது, இவை இழைத்த தீங்கை இல்லை என்று சொல்வதாகும். பழமொழியை ஆணை என்று கொண்டால் இந்த இக்கட்டிலிருந்து மீள வழியில்லை: ஒன்று பணிய வேண்டும், அல்லது சொல்லைத் திருத்த வேண்டும். ஏது என்று கொண்டாலோ, எந்தச் சான்றையும்போல் அதனை ஆராயலாம். மாட்டைப் பற்றிய கூற்று குழந்தைக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். பொருந்தாது என்று மறுக்கலாம்.

பழமொழிகளே இதற்கு இடம் தருகின்றன. ‘தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும்’ என்று உறவைப் போற்றும் அதே மக்கள், ‘அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவ மாட்டார்’ என்றும் சொல்லியிருக்கிறார்கள். ‘பொறுத்தார் பூமி ஆள்வார்’ என்பதற்கு எதிரே ‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’ நிற்கிறது. இது முரண்பாடு என்று சிலர் குறை காண்பர். சட்டநூல் என்றால் இது குறைதான். வழக்காடுமன்றத்தில் இரு தரப்பினரும் கையாளும் சான்றுகளின் குவியல் என்றால், இருபுறமும் சான்று இருப்பது இயல்பு.

ஆகவே, ஆசிரியர்களுக்கு நாம் முன்வைக்கும் வேண்டுகோள் சிறியது. ‘பழமொழியும் அதன் பொருளும்’ என்று இரு பத்திகள் வரைவதற்கு மாறாக, ஒரு சூழலைக் கொடுத்து, அதில் இருவர் வெவ்வேறு பழமொழிகளைக் கொண்டு வாதிடச் செய்யுங்கள். யார் சொன்னார், யாரிடம் சொன்னார், எதனை நிலைநாட்டச் சொன்னார் என்ற மூன்று வினாக்களைக் கேளுங்கள். தாத்தா பாட்டியரிடம் கேட்டுவரும் பழமொழியோடு, அவர்கள் அதனைக் கடைசியாக எப்போது சொன்னார்கள் என்பதையும் மாணவர் எழுதி வரட்டும். பழமொழியைவிட அந்தக் கதை பெரும்பாலும் சுவையாக இருக்கும்.

இப்பயிற்சியை மேற்கொண்ட வகுப்பு ஒன்றில் நாம் பார்வையாளராக அமர்ந்திருந்தோம். ஒப்படைப்பைக் காலம் தாழ்த்திய மாணவி ஒருவரைப் பார்த்து ஆசிரியை, ‘ஆறின கஞ்சி பழங்கஞ்சி ஆகிவிடும், தெரியுமல்லவா?’ என்றார். மாணவி எழுந்து நின்று, தயங்கி, ‘பதறாத காரியம் சிதறாது, ஆசிரியை’ என்றார். வகுப்பு சிரித்தது. ஆசிரியை சற்று யோசித்துவிட்டு மேலும் இரண்டு நாள்கள் தவணை கொடுத்தார்.