மெதுவான சர்வீசும் முதல் நிலை வீரரும்

சென்ற ஆண்டு பல்கலைக்கழக டென்னிஸ் குழுவுக்கான தேர்வில் நான் தேறவில்லை. "உன் சர்வீசில் வேகம் இல்லை" என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்று மாலை நேராக விடுதிக்குப் போக மனம் வராமல், ஃபேரர் பார்க்கில் இருக்கும் மாமா வீட்டுக்குப் போனேன். என் முகத்தைப் பார்த்ததும் மாமா ஒன்றும் கேட்காமல் தேக்காவுக்கு அழைத்துப் போய் ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுத்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"வேகமா? ரமேஷ் கிருஷ்ணன்கிட்ட மட்டும் எங்கேடா இருந்துச்சு? விலாண்டரையே தோற்கடிச்சவர்டா அவர்!" என்று சிரித்தார்.

இரண்டு பெயர்களுமே எனக்குப் புதியவை. ஃபெடரர், நடால், ஜோக்கோவிச் என்று பார்த்து வளர்ந்த தலைமுறையல்லவா நாம்! அன்றிரவே அவர்களைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

முதலில் விலாண்டரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சுவீடன் ஒரு சிறிய நாடு. ஆனால் பியான் போர்க் என்ற மாபெரும் வீரருக்குப் பிறகு அங்கே ஒரு டென்னிஸ் படையே உருவானது. 1983 முதல் 1989 வரை ஏழு ஆண்டுகள் தொடர்ந்து அந்த நாடு டேவிஸ் கோப்பை இறுதிச் சுற்றில் ஆடியது. அந்தப் படையின் முன்னணி வீரர்களில் ஒருவர் மேட்ஸ் விலாண்டர். 1982இல், 17 வயதிலேயே பிரெஞ்சு ஓபன் பட்டத்தை வென்றவர். 1988இல் நான்கு கிராண்ட் ஸ்லாம் பட்டங்களில் மூன்றைக் கைப்பற்றி உலகின் முதல் நிலை வீரரானார். பின்கோட்டில் நின்றுகொண்டு எந்தப் பந்தையும் விடாமல் திருப்பி அனுப்பி, எதிராளியைப் பொறுமையிழக்கச் செய்வது அவர் ஆட்டம்.

ரமேஷ் கிருஷ்ணன் 1961இல் பிறந்த சென்னைக்காரர். அவருடைய தந்தை ராமநாதன் கிருஷ்ணன் நாகர்கோவிலில் பிறந்தவர். 1954இல் விம்பிள்டன் இளையர் பட்டத்தை வென்றார். 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளும் விம்பிள்டன் அரையிறுதி வரை சென்றார். தந்தை வென்ற அதே இளையர் பட்டத்தை 25 ஆண்டுகள் கழித்து, 1979இல், மகனும் வென்றார். அந்த ஆண்டு பிரெஞ்சு இளையர் பட்டமும் அவருக்கே. இவ்விருவருக்கும் டென்னிஸ் கற்பித்தவர் ரமேஷின் தாத்தா டி.கே. ராமநாதன்.

பெரியவர்களின் ஆட்டத்துக்கு வந்தபோதுதான் ரமேஷின் குறை தெரிந்தது. 1980களில் மட்டைகள் மாறி, ஆட்டத்தில் வேகம் கூடிக்கொண்டே போனது. பலரும் சர்வீசிலேயே புள்ளிகளைக் குவித்தார்கள். ரமேஷின் சர்வீசோ ஆட்டத்தைத் தொடங்கி வைக்க மட்டுமே உதவியது. இருந்தும் அமெரிக்க ஓபனில் இருமுறை (1981, 1987), விம்பிள்டனில் ஒருமுறை (1986) காலிறுதிக்கு முன்னேறினார். 1985இல் உலகத் தரவரிசையில் 23ஆம் இடத்தைப் பிடித்தார்.

எப்படி முடிந்தது? பந்து தரையில் பட்டு உச்சிக்கு எழும் முன்பே, ஏறி வரும்போதே அவர் அதை அடித்துவிடுவார். அப்படி அடித்தால் எதிராளி கொடுத்த வேகமே நமக்கு உதவும். நாம் புதிதாக வலுவைச் சேர்க்க வேண்டியதில்லை. எதிராளிக்கோ அடுத்த பந்துக்குத் தயாராக நேரம் குறைந்துவிடும். அதன்பின் எங்கே வைப்பது என்பதுதான் கணக்கு. ஒரு பந்து மூலைக்கு, அடுத்த பந்து வலையை ஒட்டி மெல்ல விழும்.

இந்தக் கணக்கு எல்லாத் தரையிலும் பலிக்காது என்பதை 1987 காட்டியது. அந்த ஆண்டு டேவிஸ் கோப்பை அரையிறுதியில் இந்தியா ஆஸ்திரேலியாவைச் சிட்னி புல்தரையில் சந்தித்தது. இரண்டுக்கு இரண்டு என்ற நிலையில், ஐந்தாவது ஆட்டத்தில் வாலி மசூரை நேர் செட்களில் வென்று ரமேஷ் இந்தியாவை இறுதிச் சுற்றுக்குக் கொண்டு சென்றார். புல்தரையில் பந்து தாழ்வாக வழுக்கிக்கொண்டு போகும். அது அவருக்குத் தோதான தரை.

டிசம்பரில் கோத்தன்பர்க் நகரில் இறுதிச் சுற்று. தரையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை போட்டியை நடத்தும் நாட்டுக்கு உண்டு. சுவீடன் களிமண் தரையைத் தேர்ந்தெடுத்தது. அதில் பந்து வேகம் இழந்து உயரமாக எழும்பும். ரமேஷ் எங்கே வைத்தாலும் ஓடிப் பிடிக்க விலாண்டருக்கு நேரம் கிடைத்தது. ரமேஷ் நேர் செட்களில் தோற்றார். இந்தியாவும் 0-5 என்று தோற்றது.

பதின்மூன்று மாதங்கள் கழிந்தன. 1989 ஜனவரியில் மெல்பர்னில் ஆஸ்திரேலிய ஓபனின் இரண்டாம் சுற்றில் அதே இருவரும் மோதினார்கள். விலாண்டர் அப்போது உலகின் முதல் நிலை வீரர். முந்தைய ஆண்டின் வெற்றியாளரும் கூட. ஆனால் இம்முறை ஆட்டம் களிமண்ணில் அல்ல, கடினத் தரையில். பந்து களிமண்ணைவிட விரைவாக, சீராக எழும்பியது. 6-3, 6-2, 7-6. மூன்று செட்களையும் வென்றவர் ரமேஷ்! அந்தப் போட்டி முடிந்ததும் விலாண்டர் முதல் இடத்தை இவான் லெண்டிலிடம் இழந்தார்.

சினிமாவாக இருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும். உண்மை அப்படியில்லை. அந்த வெற்றிக்குப் பிறகும் ரமேஷ் எந்தக் கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் அரையிறுதிக்கும் போகவில்லை. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் இளம் லியாண்டர் பயஸுடன் இரட்டையர் காலிறுதி வரை ஆடினார். 1993இல் ஓய்வு பெற்றார். விலாண்டர் ஏழு ஒற்றையர் கிராண்ட் ஸ்லாம் பட்டங்களோடு 1996இல் விடைபெற்றார். இருவரில் யார் பெரிய வீரர் என்று கேட்டால் விலாண்டர்தான். அதில் ஐயமில்லை.

"அப்புறம் ஏன் மாமா இன்னும் அந்த ஆட்டத்தையே பேசறீங்க?" என்று அடுத்த வாரம் கேட்டேன்.

"அப்போ இங்கே வேலைக்கு வந்த புதுசு. மறுநாள் பேப்பர்ல பார்த்தேன். நம்ம ஊர்ப் பையன், அடிச்சுப் பிடுங்காம, பதமா ஆடியே ஜெயிச்சிருக்கானேன்னு அவ்வளவு சந்தோஷம்" என்றார்.

புள்ளிகளிலும் மதிப்பெண்களிலும் நம்மை நாமே எடைபோட்டுக்கொள்ளும் ஊரில் படிக்கிறோம். இல்லாத திறமையை நினைத்து வருந்தும் நேரத்தில், இருக்கும் திறமை எந்தத் தரையில் பலிக்கும் என்று எத்தனை பேர் யோசிக்கிறோம்? ரமேஷ் கடைசிவரை வேகமாக சர்வீஸ் போடும் வீரராக மாறவில்லை. தன் கையில் இருந்ததைக் கூர்மையாக்கினார்; கோத்தன்பர்க்கில் தோற்ற பிறகும் அதை விட்டுவிடவில்லை.

இப்போது விடுதித் திடலில் ஆடும்போது நான் ஓரடி முன்னால் நிற்கிறேன். பந்து ஏறி வரும்போதே அடிக்கப் பழகுகிறேன். பாதிப் பந்துகள் இன்னும் வலையில்தான் விழுகின்றன. அடுத்த ஆண்டுத் தேர்வுக்கும் பெயர் கொடுத்திருக்கிறேன். சர்வீஸ் மட்டும் அப்படியேதான் இருக்கிறது.