17 பேர், ஒரு பெயின்ட் பிரஷ்

என்னிடம் 200 பக்க சி.ஆர். கொப்பி ஒன்று இருக்கிறது. 2021 ஜூனில், கணினி வாங்கிய அன்று எழுதத் தொடங்கினேன். இடது பக்கத்தில் ரூபா, வலது பக்கத்தில் பேர். தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் வேலை செக்ரோலில், அதாவது வரவுப் பதிவேட்டில், ஏறினால் அது ஒரு பேர். கொழுந்து குறைந்தால் அரைப் பேர். அம்மா மலையில் நிற்கிறவர். அதனால் எந்தப் பொருளானாலும் பேரில் எண்ணிப் பார்த்தால்தான் அதன் கனம் எனக்குப் பிடிபடும்.

பேரின் மதிப்பு மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 2021 மார்ச்சில் 1000 ரூபா ஆனது. 2024 செப்டம்பரில் 1350. 2026 ஜனவரியிலிருந்து அடிப்படைச் சம்பளம் 1550, வேலைக்கு வந்ததற்காக அரசாங்கம் தரும் 200, மொத்தம் 1750. ஒவ்வொரு செலவையும் அந்தந்தக் காலத்துப் பேரால் வகுத்திருக்கிறேன்.

முதல் வரி, பழைய கணினி ஒரு செட்: 42,000 ரூபா, 42 பேர். 2012இல் வந்த மூன்றாம் தலைமுறை ஐ5, 8 ஜி.பி. ரேம், 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க், 19 அங்குலத் திரை. ஏதோ ஓர் அலுவலகத்தில் ஒன்பது வருடம் உழைத்துவிட்டு ஹட்டனுக்கு வந்த பெட்டி. எங்கள் பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில், தையல் மிசினுக்கும் சாமிப் படத்துக்கும் நடுவில் அதற்கு இடம் கிடைத்தது. இரண்டாவது வரி யூ.பி.எஸ்.: 8,500.

யூ.பி.எஸ். கணக்கு எல்லோருக்கும் உதவும் என்பதால் விரித்தே சொல்கிறேன். சின்ன யூ.பி.எஸ்.களில் இருக்கும் பெற்றரி பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி. பெருக்கினால் 84 வாட் மணி. கேம் ஓடும்போது என் பெட்டியும் திரையும் சேர்ந்து 170 வாட் அளவில் இழுக்கும். தாளில் அரை மணி நேரம் வர வேண்டும். ஆனால் ஈயப் பெற்றரியிலிருந்து ஒரேயடியாக இழுத்தால் முழுக் கொள்ளளவும் வராது, மின்சாரத்தை மாற்றுவதிலும் கொஞ்சம் போய்விடும். கையில் கிடைப்பது பத்து நிமிடம். விளையாட்டைச் சேமித்துவிட்டு நிறுத்தப் போதும், தொடர்ந்து விளையாடப் போதாது. 2022 மார்ச் கடைசியில் இலங்கை முழுவதும் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தது. தினமும் வடிந்து நிரம்பிய பெற்றரி அந்த வருடத்தைத் தாண்டவில்லை. வாங்கியபோது 3,200 ரூபாவுக்குக் கிடைத்த அதே பெற்றரிக்கு மாற்றும்போது 7,500 கொடுத்தேன். டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்குப் போன வருடம் அது. எங்கள் லயத்து வாசலிலிருந்து பார்த்தால் காசல்ரீ நீர்த்தேக்கம் தெரியும். தலவாக்கலையில் மேல் கொத்மலை மின்நிலையம் 2012 முதல் 150 மெகாவாட் தருகிறது. இப்படி மின்சாரம் பிறக்கும் மலையில், காசல்ரீத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே குப்பி விளக்கில் உட்கார்ந்திருந்த இரவுகள் கொப்பியில் ஒரு பக்கம் முழுக்க இருக்கின்றன.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததாகச் சொல்லப்பட்டு, முற்பகலில் நாடே இருண்டது. பெற்றரி அன்று தந்தது ஒன்பது நிமிடம்.

மின் கட்டணத்தில் ஒரு வாசற்படி இருக்கிறது. மாதம் 60 அலகைத் தாண்டிய வீட்டுக்கு முதல் அலகிலிருந்தே வேறு கட்டண வரிசை. எங்கள் வீட்டில் கணினி இல்லாமல் 52 அலகு போகும். 170 வாட்டில் தினம் மூன்று மணி நேரம் விளையாடினால் மாதம் 15.3 அலகு கூடி 67 ஆகும். ஒன்றரை மணி நேரத்தோடு நிறுத்தினால் 7.65, மொத்தம் 59.65. நான் ஒன்றரை மணி நேரம்தான் விளையாடுகிறேன். 2022 ஓகஸ்டில் 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் கட்டணம் ஏறியபோது இந்த ஒன்றரை மணி நேரமும் முக்கால் மணியாகச் சுருங்கியது.

கேம்களின் எடையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். 2005இல் கணினிக்கு வந்த ஜி.டி.ஏ. சான் அன்ட்ரியாஸ் 5 ஜி.பி.க்குள் அடங்கியது. ஐந்தாம் பாகத்துக்கு இப்போது 110 ஜி.பி.க்கு மேல் வேண்டும். எங்கள் மேட்டில் கிடைக்கும் 4 எம்.பி.பி.எஸ். வேகத்தில் அது 61 மணி நேரம். என் இரவு டேட்டா நள்ளிரவு 12 முதல் காலை 7 வரை. நடுவில் ஒரு முறைகூட அறுபடாவிட்டால் ஒன்பது இரவு. மாத இரவு அளவோ 60 ஜி.பி.தான். ஆகவே நண்பனிடமிருந்து பென் டிரைவில் கொண்டுவரப் போனேன். 64 ஜி.பி. பென்னில் 50 ஜி.பி. காலியாக இருந்தும் 6 ஜி.பி. கோப்பு ஏறவில்லை. அந்தப் பென் ஃபாட்32 முறையில் ஃபோர்மட் ஆகியிருந்தது. அதில் தனி ஒரு கோப்பு 4 ஜி.பி.யைத் தாண்ட முடியாது. எக்ஸ்ஃபாட்டாக மாற்றினால் ஒரு நிமிட வேலை. அது தெரியாமல் ஹட்டனுக்கு இரண்டு தடவை பஸ் ஏறினேன். கொப்பியில் அந்த இரண்டு பயணத்துக்கும் எதிரே ‘தெரியாமை’ என்று எழுதினேன். பொருள், மின்சாரம், டேட்டா என்று இருந்த தலைப்புகளோடு நான்காவது தலைப்பு அன்றுதான் சேர்ந்தது. மற்ற மூன்றையும்விட அது வேகமாக நிரம்பியது.

அதில் மிகப் பெரிய வரி 2024 ஒக்டோபரில் தொடங்கி டிசம்பர் கடைசி வரை ஓடியது. விளையாடத் தொடங்கி இருபது நிமிடத்தில் கணினி தானாகவே அணைந்துவிடும். நீலத் திரை இல்லை, எச்சரிக்கை இல்லை, சட்டென்று இருட்டு. மறுபடி போட்டால் ஓடும். பாடல் கேட்டால் அணையாது, படம் பார்த்தால் அணையாது, கேம் என்றால் மட்டும் அணையும்.

தேடினேன். பார்த்த வீடியோக்களைக் கொப்பியில் குறித்தேன்: 34. ஆங்கிலம் 21, இந்தி 6, தமிழ் 5, சிங்களம் 2. பத்து நிமிட வீடியோ 480 தரத்தில் ஏறக்குறைய 75 எம்.பி. எடுக்கும். 34க்கும் சேர்த்து இரண்டரை ஜி.பி. பெரும்பாலானவை பவர் சப்ளையைச் சொல்லின. வாங்கினேன், 11,500. அணைந்தது. ரேமைச் சொன்னார்கள். வாங்கினேன், 6,000. அணைந்தது. விண்டோஸை அழித்துப் போடச் சொன்னார்கள். கடையில் இரண்டு தடவை, 4,000. பெட்டியைச் சாக்கில் கட்டி ஆட்டோவிலும் பஸ்ஸிலும் கொண்டுபோய் வந்தது 1,800. மொத்தம் 23,300 ரூபா. 1350ஆல் வகுத்தால் 17 பேரும் கொஞ்சமும். எங்கள் தோட்டத்தில் ஒரு பேருக்கு 18 கிலோ. பதினேழு பேருக்கு 306 கிலோ பச்சைக் கொழுந்து. நூறு கிலோ கொழுந்துக்கு இருபத்தொரு கிலோவுக்குச் சற்று மேல் தூள் வரும் என்ற கணக்கில், 65 கிலோ தேயிலை. அம்மாவின் முதுகில் ஏறி இறங்கிய அந்தக் கூடைகளை நான் மூன்று மாதத்தில் தவறான இடத்தில் கொட்டியிருக்கிறேன்.

தமிழில் இருந்த ஐந்து வீடியோக்களில் இரண்டு சூட்டைப் பற்றிச் சொல்லத்தான் செய்தன. சென்னை இளைஞர் ஒருவர், ‘அறை 38 டிகிரியில் இருந்தால் பெட்டி கொதிக்கும், ஏ.சி. போடுங்கள்’ என்றார். நல்ல மனதோடு, தெளிவாக, தன் ஊருக்குச் சரியாகச் சொன்னார். நானோ ஹட்டனுக்கு மேலே இருந்து, டிசம்பர் இரவில் கம்பளி போர்த்திக்கொண்டு விளையாடுகிறவன். காம்பராவில் 14 டிகிரி. சூடு காரணமாக இருக்க முடியாது என்று அந்தப் பக்கத்தை அன்றே மூடிவிட்டேன். என் பிழை முழுவதும் அங்கேதான் நடந்தது.

கடைசியில் பெட்டியைப் பார்த்தவர் எங்கள் லயத்து மாமா. தோட்டத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் தொட்டிகளின் காற்றாடிகளைப் பராமரிக்கிறவர். கணினி பற்றி எதுவும் தெரியாது. பக்க மூடியைக் கழற்றியதும், புரொசஸர் மேல் இருந்த விசிறியைத் திருகாணியோடு தூக்கிக் காட்டினார்.

“தம்பி, இதுக்குக் காத்து எங்கிட்டுப் போகும்?”

விசிறிக்குக் கீழே அலுமினியத் தகடுகள் வரிசையாக இருக்க வேண்டும். தகடே தெரியவில்லை. கறுத்த, பிசுபிசுத்த, கம்பளித் துண்டு போன்ற ஒன்று அந்த இடத்தை அடைத்திருந்தது. மாமா நகத்தால் கீறி மூக்கருகே கொண்டுபோனார். விறகுப் புகை. எங்கள் அடுப்பு அடுத்த காம்பராவில் இருக்கிறது. இடைச்சுவர் கூரை வரை போகாது. மூன்றரை வருடம் காலையும் மாலையும் எரிந்த விறகின் கரி, கறி தாளித்த எண்ணெய்ப் படலத்தோடு சேர்ந்து, அந்தச் சின்ன விசிறி இழுத்த காற்றில் வந்து படிந்திருக்கிறது. அதைக் கழற்றினால் அடியில் பசை. காய்ந்து சுண்ணாம்புபோல உதிர்ந்தது. முதலிலேயே வெப்பமானி மென்பொருள் ஒன்றைப் போட்டிருந்தால் எண் உடனே தெரிந்திருக்கும். சுத்தம் செய்வதற்கு முன் மறுபடி பூட்டி ஒரு தரம் போட்டுப் பார்த்தோம். கேம் தொடங்கிய ஆறாவது நிமிடம் 97 டிகிரி. நூறை ஒட்டிப் போனால் புரொசஸர் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதுவும் போதாவிட்டால் கருகிவிடாமல் இருக்கத் தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும். வெளியே 14, உள்ளே 97.

பசை 450 ரூபா, பெயின்ட் பிரஷ் 150. மொத்தம் 600. அரைப் பேர் 675. நாற்பது நிமிட வேலைக்குப் பிறகு அதே கேமில் 64 டிகிரி. இன்றுவரை அணையவில்லை.

பார்த்த 34இல் ஒன்றிலும் விறகடுப்பு இல்லை. அவற்றைச் செய்தவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. யாரும் தான் வாழும் வீட்டைத்தான் எழுத முடியும். லயத்தில் கணினி வைத்திருக்கிறவன் லயத்துக் கணினியைப் பற்றி எழுதாவிட்டால் அந்தத் தகவல் உலகத்தில் எங்கும் இருக்காது. எழுதுவதற்கு ஆகும் செலவையும் கணக்குப் பார்த்தேன். யூனிகோடின் யூ.டி.எஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறி மூன்று பைட். ‘ஹட்டன்’ என்று எழுத ஆறு குறி, 18 பைட். அதையே ஆங்கிலத்தில் எழுதினால் ஆறு எழுத்து, 6 பைட்தான். மூன்று மடங்கு எடை என்றாலும் ஆயிரம் சொல் தமிழ்க் கட்டுரை 25 கே.பி. அளவில்தான் நிற்கும். ஒரு பத்து நிமிட வீடியோவின் டேட்டாவில் அப்படி 3,000 கட்டுரை படிக்கலாம். டேட்டாவை நாள் கணக்கில் எண்ணி வாங்கும் இடத்துக்கு எழுத்தே மலிவான வாகனம். யாழ்ப்பாணத்து மயூரநாதன் 2003இல் தொடங்கிவைத்த தமிழ் விக்கிப்பீடியாவில் இன்று ஒன்றரை இலட்சத்துக்கு மேல் கட்டுரைகள் இருக்கின்றன. 2005 முதல் நூலகம் திட்டம் நம் பழைய நூல்களையும் இதழ்களையும் சேர்த்துவைக்கிறது. இரண்டும் சம்பளம் வாங்காதவர்கள் தொடங்கிய வேலை.

அரசாங்கம் தவறான தகவலுக்குத் தந்த மருந்து வேறு. 2018 மார்ச், 2019 ஏப்ரல், 2022 ஏப்ரல் 3 என்று பல தடவை சமூக வலைத்தளங்களை மூடியது. 2024 ஜனவரி 24இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் 62க்கு எதிராக 108 வாக்குகளால் நிறைவேறியது. மூடுவதால் சரியான தகவல் பிறக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

2025 ஒக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11க்கு ஐ5 என்றால் எட்டாம் தலைமுறை வேண்டும், என்னுடையது மூன்றாவது. ஒரு கடையில் எப்படியாவது ஏற்றித் தர 5,000 கேட்டார்கள். இந்தத் தடவை பணத்தை எடுக்கவில்லை, எழுத்தைத் தேடிப் படித்தேன். 2026 ஒக்டோபர் வரை பாதுகாப்புப் புதுப்பிப்பை 30 டொலர் கட்டியும் பெறலாம், கணக்கில் நுழைந்து அமைப்புகளைச் சேமித்துவைத்தால் இலவசமாகவும் பெறலாம் என்று இருந்தது. இலவசத்தை எடுத்தேன். ‘தெரியாமை’ தலைப்பில் முதன்முறையாக வரவு விழுந்தது: 5,000 ரூபா, 3.7 பேர்.

ஆறு வாரம் கழித்து, நவம்பர் 28ஆம் திகதி, டித்வா புயல் கரை தொட்டது. நாட்டில் 600க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நுவரெலியா, பதுளை, கண்டி மலைகள் சரிந்தன. மின்சாரம் போனது, சிக்னலும் போனது. அதற்கு முன் என் ஃபோனுக்கு வந்த எச்சரிக்கைகளில் தமிழில் வந்தவை குறைவு, வந்தவையும் துண்டு துண்டாக வந்தன. ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 எழுத்து பிடிக்கும், தமிழிலோ சிங்களத்திலோ 70 குறிதான். தாண்டினால் 67 குறி கொண்ட பல துண்டாகப் போகும். ‘மண்சரிவு அபாயம்’ என்ற இரண்டு சொல்லுக்கே இடைவெளியோடு 15 குறி போய்விடும். எந்த மலை, எத்தனை மணி, எங்கே போவது என்பதற்கு மிச்சம் 55.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு வைத்திருக்கும் அளவுகள் எளியவை. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு, 100 என்றால் தயார், 150 என்றால் வெளியேற்றம். இதை நான் முதன்முதலில் படித்தது புயல் போன பிறகு, ஆங்கிலத்தில். எங்கள் லயத்தில் 12 வீடு. அந்த இரவில் யாருக்கும் இந்த மூன்று எண் தெரியாது. பின்மலையில் கல் உருளும் சத்தம் கேட்டுத்தான் எல்லோரும் கோயிலுக்கு ஓடினோம். எங்களுக்கு உயிர்ச்சேதமில்லை. சத்தம் கேட்காமல் மண் வந்த இடங்களில் அப்படி இல்லை.

அடியும் வாயும் ஒரே அகலமாக இருக்கும் போத்தலை வெட்டவெளியில் வைத்தால் அதில் நிற்கும் தண்ணீரின் உயரமே மழையின் அளவு. அடிமட்டத்தால் அளந்து கோடு போட்டால் போதும், மின்சாரமும் சிக்னலும் வேண்டியதில்லை. மாமா தொழிற்சாலையிலிருந்து சிவப்பு பெயின்ட் கொஞ்சம் கொண்டுவந்தார். கொப்பியின் கடைசி வரி:

2025 டிசம்பர் 7. நேர்ப் போத்தல் 1, கட்டுக் கம்பி 2 முழம். 180 ரூபா. பிரஷ் பழையது. கோடு: 75, 100, 150.