பட்டர்வொர்த்திலிருந்து குன்மிங் வரை: தனியாக ஓர் இரயில் பயணத்தைத் திட்டமிடுவது எப்படி?

பினாங்குத் தீவில் ஓர் இரயில் நிலையம் இருந்தது. ஆனால், அதற்குத் தண்டவாளம் கிடையாது! ஜார்ஜ்டவுன் துறைமுகத்திற்கு அருகே மணிக்கூண்டோடு நிற்கும் சுங்கத் துறைக் கட்டடத்தை நம்மில் பலர் எத்தனையோ முறை கடந்து போயிருப்போம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரயில்வேக்காகக் கட்டப்பட்ட கட்டடம் அது. அன்றைய பயணிகள் அங்கே பயணச்சீட்டு வாங்கி, படகேறிக் கடலைக் கடந்து, பிறைக்குப் போய் இரயிலைப் பிடித்தார்கள். தீவில் வாழும் நமக்கு இரயில் பயணம் என்பது தொடக்கத்திலிருந்தே ஓர் இணைப்பைப் பிடிக்கும் வேலையாகத்தான் இருந்திருக்கிறது.

பட்டப்படிப்பு முடிந்ததும் ஐரோப்பாவைத் தனியாக இரயிலில் சுற்றி வரவேண்டும் என்ற கனவு நம் விடுதி அறைகளில் அடிக்கடி பேசப்படும் ஒன்று. எனக்கும் அந்தக் கனவு உண்டு. விமானச் சீட்டின் விலையைப் பார்த்தவுடன் அதைத் தள்ளி வைத்தேன். அதற்கு முன்னோட்டமாக, சென்ற நீண்ட விடுமுறையில் பட்டர்வொர்த்திலிருந்து சீனாவின் குன்மிங் நகர் வரை இரயிலிலேயே போய் வரத் திட்டமிட்டேன். வீட்டில் சொன்னபோது அம்மா கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: "நடு வழியில மாட்டிக்கிட்டா என்ன செய்வே?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதுதான் என் திட்டமிடல் முழுவதும். தேடியதில் ஓர் உண்மை புரிந்தது. இரயிலுக்குள் ஏறி அமர்ந்துவிட்டால் பயணி மாட்டிக்கொள்வது அரிது. ஓர் இரயிலிலிருந்து இறங்கி அடுத்த இரயிலில் ஏறுவதற்கு இடைப்பட்ட நேரத்தில்தான் சிக்கல்கள் எல்லாம் காத்திருக்கின்றன. ஆகவே, தனிப் பயணி திட்டமிட வேண்டியது முதலில் இந்த இடைவெளிகளைத்தான்.

பாதை எப்படி அமைகிறது?

2016-ஆம் ஆண்டு இறுதி வரை பட்டர்வொர்த்தில் ஏறினால் பேங்காக்கில் இறங்கலாம். நேரடி அனைத்துலக விரைவு இரயில் ஓடியது. அந்த ஆண்டு டிசம்பர் முதல் தாய்லாந்து இரயில் எல்லையிலுள்ள பாடாங் பெசாருடன் நின்றுவிடுகிறது. எனவே, இப்போது பயணம் இப்படி அமைகிறது.

முதலில், பட்டர்வொர்த்திலிருந்து பாடாங் பெசாருக்குக் கொமுட்டர் மின் இரயில். ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம். இரண்டாவது, பாடாங் பெசாரில் மாலையில் புறப்பட்டு மறுநாள் காலையில் பேங்காக் சேரும் படுக்கை வசதி கொண்ட இரயில். ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர். மூன்றாவது, பேங்காக்கிலிருந்து லாவோஸ் தலைநகர் வியந்தியானுக்கு இரவு இரயில். இந்த நேரடிச் சேவை 2024 ஜூலையில்தான் தொடங்கியது. நான்காவது, வியந்தியானிலிருந்து பழைய அரச நகரமான லுவாங் பிரபாங்கிற்கு விரைவு இரயில். ஐந்தாவது, அங்கிருந்து குன்மிங்.

கடைசி இரண்டும் 2021 டிசம்பர் 3-ஆம் நாள் திறக்கப்பட்ட லாவோஸ் - சீன இரயில் பாதையில் ஓடுகின்றன. வியந்தியானிலிருந்து குன்மிங் வரை அதன் நீளம் 1,035 கிலோமீட்டர். எல்லை கடக்கும் பயணிகள் சேவை 2023 ஏப்ரல் 13-இல் தொடங்கியது. நம் நாட்டிலும் தாய்லாந்திலும் தண்டவாளங்களுக்கு இடையே 1,000 மில்லிமீட்டர் அகலம். லாவோஸ் - சீனப் பாதையில் 1,435 மில்லிமீட்டர். அகலம் வேறு என்பதால் ஒரே பெட்டி இரண்டிலும் ஓட முடியாது. வியந்தியானில் நாம் இறங்கித்தான் ஆகவேண்டும்.

ஐந்து இரயில்கள், நான்கு இணைப்புகள். இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்.

முதல் கேள்வி: யாருடைய நேரம்?

தாய்லாந்தும் லாவோஸும் நம்மைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியவை. சீனா நம் நேரத்தோடு ஒத்தது. பாடாங் பெசாரில் தாய்லாந்து இரயில் மாலை 5 மணிக்குப் புறப்படும் என்று அவர்களுடைய அட்டவணை சொன்னால், நம் கைக்கடிகாரத்தில் அப்போது மணி 6. போகும்போது இந்த வேறுபாடு நமக்குச் சாதகம், திரும்பும்போது பாதகம். தாய்லாந்து நேரப்படி காலை 8 மணிக்கு வந்து சேரும் இரயிலை நம்பி, மலேசிய நேரப்படி 8.30-க்குப் புறப்படும் கொமுட்டரைப் பிடிக்கலாம் என்று கணக்குப் போட்டால் ஏமாந்து போவோம். நாம் இறங்கும்போது அது போய் அரை மணி நேரம் ஆகியிருக்கும்!

இரண்டாம் கேள்வி: எந்த நிலையம்?

ஊர் பெயர் ஒன்றாக இருந்தாலும் நிலையம் வேறாக இருக்கும். பேங்காக் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது ஹுவாலம்போங் நிலையம். ஆனால், 2023 ஜனவரி 19 முதல் நெடுந்தூர இரயில்கள் குருங் தேப் அபிவாட் என்ற புதிய மத்திய நிலையத்திற்கு மாறிவிட்டன. வியந்தியானிலும் அப்படித்தான். பேங்காக் இரயில் வந்து நிற்பது கம்சாவாட் நிலையத்தில். சீன இரயில் புறப்படுவது நகருக்கு வெளியே உள்ள வேறொரு பெரிய நிலையத்தில். இரண்டுக்கும் இடையே வாகனத்தில்தான் போக வேண்டும். மேலும், பேங்காக் இரவு இரயில் காலை 9 மணியளவில்தான் வியந்தியான் வந்து சேர்கிறது. குன்மிங் செல்லும் இரயில் அதற்கு முன்பே புறப்பட்டுவிடும். ஆகவே, வியந்தியானில் ஓர் இரவு தங்குவதைத் திட்டத்திலேயே சேர்த்துவிட வேண்டும்.

மூன்றாம் கேள்வி: தவறவிட்டால் அடுத்தது எப்போது?

கொமுட்டரைத் தவறவிட்டால் சற்று நேரத்தில் அடுத்தது வரும். படுக்கை இரயிலைத் தவறவிட்டால் ஒரு நாள் போயிற்று. எனவே, அடுத்த வாய்ப்பு எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ, அதற்கேற்ப முன்கூட்டியே போய்ச் சேர வேண்டும். நான் பாடாங் பெசாருக்கு மூன்று மணி நேரம் முன்னதாகவே போய்விட்டேன். அங்கே இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனைகளும் ஒரே நிலையக் கட்டடத்தில் நடப்பதால் அலைச்சல் இல்லை. பருவமழையையும் மறந்துவிடக் கூடாது. 2025 நவம்பர் இறுதியில் ஹட்யாயைத் தாக்கிய பெருவெள்ளம் தென் தாய்லாந்தின் இரயில் போக்குவரத்தை முடக்கியது. நவம்பர், டிசம்பரில் போவோர் கையில் ஒரு நாளாவது உபரியாக வைத்துக்கொள்வது நல்லது.

பெயரும் பயணச்சீட்டும்

நம் பெயரே நமக்கு ஒரு சிக்கலாகும் என்று நான் நினைத்ததில்லை. நம் கடப்பிதழில் பெயருக்கு நடுவே ஏ/எல் அல்லது ஏ/பி இருக்கிறது. பயணச்சீட்டு விற்கும் இணைய படிவங்கள் பல, அந்தச் சாய்கோட்டை ஏற்பதில்லை. அதோடு, முதற்பெயர் எது, குடும்பப் பெயர் எது என்றும் கேட்கின்றன. நமக்கேது குடும்பப் பெயர்? கோட்டை மட்டும் விட்டுவிட்டு மற்ற எழுத்துகளைக் கடப்பிதழில் உள்ள வரிசையிலேயே நிரப்பினேன். எல்லாப் படிவங்களிலும் ஒரே மாதிரியாக நிரப்பினேன். கடப்பிதழ் எண்ணை இரண்டு முறை சரிபார்த்தேன். சீன இரயிலில் பயணச்சீட்டு நம் கடப்பிதழ் எண்ணோடு பிணைக்கப்பட்டிருப்பதால், ஓர் இலக்கம் பிசகினாலும் தொல்லைதான்.

முன்பதிவு செய்யும் வரிசையும் பயண வரிசையும் ஒன்றல்ல. பாடாங் பெசாரிலிருந்து புறப்படும் தாய்லாந்து இரயிலில் இருப்பது இரண்டே பெட்டிகள். மற்றவை ஹட்யாயில்தான் சேர்க்கப்படுகின்றன. படுக்கைகள் குறைவு என்பதால் அதை முதலில் வாங்க வேண்டும். கீழ்ப்படுக்கை அகலமானது, விலையும் சற்றுக் கூடுதல். சீன இரயில்களுக்கான விற்பனையோ பொதுவாகப் பயணத்திற்கு 15 நாட்களுக்கு முன்புதான் திறக்கும். ஆகவே, கடைசிப் பகுதிக்கான தங்குமிடத்தை இலவசமாக இரத்து செய்யக்கூடியதாகப் பதிவு செய்வதே புத்திசாலித்தனம்.

அனுமதிகளைப் பொறுத்தவரை நாம் கொடுத்து வைத்தவர்கள். ஆசியான் குடிமக்கள் என்பதால் லாவோசுக்கு விசா தேவையில்லை. சீனாவுடன் செய்துகொண்ட பரஸ்பர விசா விலக்கு ஒப்பந்தம் 2025 ஜூலை 17-இல் நடப்புக்கு வந்தது. ஒரு முறைக்கு 30 நாட்கள் வரை தங்கலாம். தாய்லாந்துக்கு 2025 மே 1 முதல் மின்னியல் வருகை அட்டையை, சென்று சேர்வதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். கடப்பிதழ் குறைந்தது ஆறு மாதங்களுக்குச் செல்லுபடியாக வேண்டும். சீன, லாவோஸ் நிலையங்களில் விமான நிலையம் போலவே பைகளைச் சோதிக்கிறார்கள். கத்தியும் தெளிப்பான் குப்பிகளும் உள்ளே போகா. லாவோஸ் கிப் பணத்தை வெளியே மாற்றுவது கடினம், அங்கேயே செலவழித்துவிடுங்கள்.

எங்கே இறங்குவது, ஏன் இறங்குவது?

பத்து நாட்களில் எட்டு நகரங்கள் என்று பட்டியல் போடுவது எளிது. ஒவ்வோர் ஊருக்கும் ஒரு காரணத்தை எழுதிப் பாருங்கள். காரணம் கிடைக்காத ஊர்கள் தாமாகவே கழன்றுவிடும். என் பட்டியலில் கடைசிவரை நின்றது காஞ்சனாபுரி.

1942, 1943-ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் இரயில் பாதை போட்டார்கள். 60,000-க்கும் அதிகமான நேச நாட்டுப் போர்க்கைதிகளோடு, அவர்களைவிடப் பன்மடங்கு ஆசியத் தொழிலாளர்களும் அதில் வதைபட்டார்கள். மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டு போகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரம் பேர். சரக்கு வண்டிகளில் ஏற்றி வடக்கே அனுப்பப்பட்டார்கள். என் பாட்டியின் தாய்மாமன் அவர்களில் ஒருவர். திரும்பி வரவில்லை.

அந்தப் பாதையின் ஒரு பகுதியில் இன்றும் இரயில் ஓடுகிறது. பேங்காக்கின் தோன்புரி நிலையத்திலிருந்து புறப்பட்டு, காஞ்சனாபுரி வழியாக நாம் தோக் வரை செல்கிறது. (கவனியுங்கள், இதுவும் வேறொரு நிலையம்!) காஞ்சனாபுரி போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகளின் கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. நம்மவர்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த வரிசை இல்லை. நான் ஆற்றுப் பாலத்தில் சிறிது நேரம் நின்றுவிட்டு வந்தேன். அம்மாவின் கேள்விக்குள் இருந்த பழைய பயம் எனக்கு அங்கேதான் புரிந்தது. எங்கள் வீட்டில் வடக்கே இரயிலேறியவர் மாட்டிக்கொண்டார். அவருடைய கையில் திரும்பி வருவதற்கான சீட்டு இல்லை.

அன்றிரவு விடுதியிலிருந்து அம்மாவை அழைத்தேன். அதற்குப் பிறகு ஒவ்வோர் இரயிலில் ஏறியதும், இறங்கியதும் ஒரு செய்தி அனுப்புவதை வழக்கமாக்கிக்கொண்டேன். தனியாகப் பயணம் செய்வோர் தங்கள் பயண அட்டவணையின் நகல் ஒன்றை வீட்டில் கொடுத்துவிட்டுப் போவது மிக அவசியம்.

ஐரோப்பாவுக்கு இது எப்படி உதவும்?

ஐரோப்பாவிலும் இதே கேள்விகள்தாம். இலண்டனிலிருந்து வரும் இரயில் பாரிசின் வட நிலையத்தில் நிற்கும். லியோன், சுவிட்சர்லாந்து பக்கம் போகும் இரயில்கள் லியோன் நிலையத்தில் புறப்படும். வியந்தியானில் கற்ற பாடம் இங்கே உதவும். மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளில் அங்கே கடிகாரத்தையே ஒரு மணி நேரம் மாற்றுகிறார்கள்.

ஐரோப்பாவில் வசிக்காதவர்களுக்கான யூரயில் அட்டை 33 நாடுகளில் செல்லும். 27 வயது வரை இளையோர் கழிவு உண்டு. ஆனால், அட்டை இருந்தாலே எல்லா இரயிலிலும் ஏறிவிட முடியாது. பிரான்சு, இத்தாலியின் அதிவேக இரயில்களுக்கும் இரவு இரயில்களுக்கும் இருக்கை முன்பதிவுக் கட்டணம் தனி. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்தின் பெரும்பாலான பகல் இரயில்களுக்கு அது தேவையில்லை. இரண்டு மூன்று நகரங்கள் மட்டுமே போவதென்றால், முன்கூட்டியே தனிச்சீட்டு வாங்குவது மலிவாக முடியலாம். கூட்டிக் கழித்துப் பாருங்கள்.

ஷெங்கன் நாடுகளில் மலேசியர்கள் விசா இன்றி, 180 நாட்களில் 90 நாட்கள் தங்கலாம். பிரிட்டன் இந்தக் கணக்கில் சேராது. 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் விரல் ரேகையும் முகப்படமும் பதியும் முறை தொடங்கியிருப்பதால், எல்லையில் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும். ஒரு நகரில் இறங்கி வேறொரு நகரிலிருந்து விமானம் ஏறினால், போன வழியே திரும்பும் செலவு மிஞ்சும். நானும் குன்மிங்கிலிருந்து விமானத்தில்தான் கோலாலம்பூர் திரும்பினேன்.

அங்கிருந்து பட்டர்வொர்த்துக்கு இரயில், பிறகு படகு. தீவை நெருங்கும்போது அந்த மணிக்கூண்டு கண்ணில் பட்டது. வீட்டுக்குள் நுழைந்ததும், நான் கொடுத்துவிட்டுப் போன அட்டவணை குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒட்டப்பட்டிருந்ததைப் பார்த்தேன். ஒவ்வோர் இரயிலுக்கு எதிரிலும் அம்மா பேனாவால் ஒரு சரி போட்டிருந்தார். கடைசி வரிக்கான சரியை நான் வந்த பிறகுதான் போட்டார்.

அடுத்த விடுமுறைக்குள் நீங்களும் ஒரு தாளை எடுத்து உங்கள் இணைப்புகளை எழுதிப் பாருங்கள். ஐரோப்பா காத்திருக்கும், கொமுட்டர் இன்றைக்கும் ஓடுகிறது.